கோள் குடியேற்றம் (நிகழ்பட ஆட்டங்கள்)

கோள் குடியேற்றம் என்பது விண்வெளியைக் களமாகக் கொண்ட வியூக நிகழ்பட ஆட்டங்களில், ஆட்டக்காரர் ஒருவர் புதிய கோள்களில் தம் மக்களைக் குடியமர்த்தி அவற்றைத் தம் பேரரசின் பகுதியாக்கும் செயல்முறையைக் குறிக்கும். இச்செயல்முறையை ஆளும் விதிகளும் இப்பெயராலேயே சுட்டப்படுகின்றன. இவ்வகை ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு தாய்க்கோளுடன் தொடங்குகின்றன. மக்கட்தொகை, தொழில் உற்பத்தி, அறிவியல் ஆய்வு, கப்பற்படை ஆகிய அனைத்தும் எத்தனை கோள்களில், எத்தகைய கோள்களில் குடியேற முடிகின்றது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளன.

குடியேற்றம் ஒவ்வொன்றும் முதலில் செலவாகவும், பல சுற்றுகளுக்குப் பின்னரே வருவாயாகவும் அமைகின்றது. விரைந்து பரவும் பேரரசு பாதுகாப்பின்றி நிற்கும். மெதுவாகப் பரவும் பேரரசுக்கு நல்ல கோள்கள் எஞ்சியிரா. இவ்விரண்டுக்கும் இடையே எடுக்கவேண்டிய முடிவை எளிதாக்கிவிடாமல் வைத்திருப்பதே குடியேற்ற விதிகளின் முதன்மை நோக்கம் ஆகும்.

பெயரும் வகைப்பாடும்

குடியேற்றம் முதன்மை பெறும் வியூக ஆட்டங்கள் 4எக்ஸ் ஆட்டங்கள் எனப்படுகின்றன. ஆராய்தல், விரிவடைதல், பயன்கொள்ளுதல், அழித்தொழித்தல் ஆகிய நான்கு செயல்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எக்ஸ் ஒலியுடன் தொடங்குவதால் இப்பெயர் ஏற்பட்டது. 1993 ஆம் ஆண்டில் கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட் என்னும் அமெரிக்க இதழில், மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டத்தைப் பற்றிய முன்னோட்டக் கட்டுரையில் ஆலன் எம்ரிச் இதனைப் பயன்படுத்தினார். இந்நான்கில் இரண்டாவதான விரிவடைதல் என்பது விண்வெளி ஆட்டங்களில் பெரும்பாலும் கோள் குடியேற்றமே ஆகும். எனினும் அது மற்ற மூன்றுடனும் பிணைந்தது. ஆராயாமல் நல்ல கோளைக் கண்டறிய இயலாது. கோளின் வளத்தைப் பயன்கொள்ளாவிட்டால் குடியேறிய செலவு திரும்பாது. வெற்றுக் கோள்கள் தீர்ந்தபின் விரிவடைய எஞ்சியிருக்கும் வழி, பிறருடைய கோள்களைக் கைப்பற்றுவதே.

வரலாறு

கணினி ஆட்டங்களுக்கு முன்னரே பலகை ஆட்டங்களில் இக்கருத்து இடம்பெற்றிருந்தது. ஹோவர்ட் தாம்சன் வடிவமைத்து 1970களின் நடுப்பகுதியில் மெட்டாகேமிங் நிறுவனம் வெளியிட்ட ஸ்டெல்லார் கான்குவெஸ்ட் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. மக்கட்தொகை வளர்ச்சி, தொழில் உற்பத்தி ஆகிய கணக்குகளை ஆட்டக்காரர்களே தாளில் எழுதிப் போட வேண்டியிருந்தது. இக்கணக்கு வேலையைக் கணினி எடுத்துக்கொண்டபோது விதிகள் மேலும் நுணுக்கமடைய வழி ஏற்பட்டது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்ட்ராடஜிக் ஸ்டடீஸ் குரூப் நிறுவனத்துக்காக ரோஜர் கீட்டிங், இயன் டிரவுட் ஆகியோர் உருவாக்கிய ரீச் ஃபார் த ஸ்டார்ஸ் 1983 இல் வெளியானது. விண்வெளிக் குடியேற்றத்தை முதன்மையாகக் கொண்ட தொடக்ககாலக் கணினி ஆட்டங்களுள் இது ஒன்று. 1990 இல் மக்கின்டாசு கணினிகளுக்காக டெல்டா டாவ் நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ்வர்ட் ஹோ!, கோளின் தன்மையை ஈர்ப்பு, வெப்பநிலை, உலோக இருப்பு என்னும் ஒரு சில எண்களாகச் சுருக்கியது.

1993 இல் ஸ்டீவ் பார்சியா தலைமையில் சிம்டெக்ஸ் உருவாக்கி மைக்ரோபுரோஸ் வெளியிட்ட மாஸ்டர் ஆஃப் ஓரியன், பின்னர் வந்த ஆட்டங்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தது. இதன் இரண்டாம் பாகம் 1996 இல் வெளியானது. 1995 இல் வெளியான ஸ்டார்ஸ்!, மின்னஞ்சல் வழியாகப் பலர் சேர்ந்து ஆடக்கூடியதாக இருந்தது. 2002 இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட ஓகேம், குடியேற்றத்தை உலாவியில் ஆடும் ஆட்டமாக்கியது. 2003 இல் கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் ஆட்டத்தின் விண்டோசுப் பதிப்பும், 2006 இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தன. சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் (2008), டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் (2010), எண்ட்லெஸ் ஸ்பேஸ் (2012), ஸ்டெல்லாரிஸ் (2016), எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2 (2017) ஆகியவை அடுத்தடுத்து வெளியான குறிப்பிடத்தக்க ஆட்டங்கள் ஆகும். மாஸ்டர் ஆஃப் ஓரியன் வரிசையைப் பின்பற்றித் தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் ஃப்ரீஓரியன் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும்.

குடியேற்றத்தின் படிகள்

விதிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடினும், பெரும்பாலானவற்றில் பின்வரும் படிகள் காணப்படுகின்றன.

1. கண்டறிதல்: வேவுக் கப்பல்கள் விண்மீன் தொகுதிகளுக்குச் சென்று கோள்களின் தன்மையை அறிகின்றன.
2. தகுதி காணல்: தட்பவெப்பம், ஈர்ப்பு, அளவு, கனிம வளம் ஆகியவற்றைக் கொண்டு கோளின் மதிப்பு கணிக்கப்படுகின்றது.
3. குடியேற்றக் கப்பல் கட்டுதல்: இக்கப்பல் விலை மிகுந்தது. ஆட்டத்தின் தொடக்கத்தில் தாய்க்கோளின் உற்பத்தி முழுவதையும் பல சுற்றுகளுக்கு இது எடுத்துக்கொள்ளலாம்.
4. குடியமர்த்தல்: கப்பல் கோளை அடைந்ததும் சிறு குடியேற்றம் ஒன்று தோன்றுகின்றது.
5. வளர்த்தல்: மக்கள் பெருகி, தொழிற்சாலைகளும் ஆய்வுக்கூடங்களும் எழுந்து, கோள் தன் செலவைத் தானே ஈட்டத் தொடங்குகின்றது.

நான்காம் படியில் குடியேற்றக் கப்பல் என்னவாகின்றது என்பது ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடியது. மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டத்தில் கப்பல் குடியேற்றமாகவே மாறி மறைந்துவிடுகின்றது. ஆகவே ஒவ்வொரு கோளுக்கும் ஒரு கப்பல் தேவை. சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் ஆட்டத்தில் அதே கப்பல் அடுத்தடுத்த கோள்களிலும் குடியேற்றம் அமைக்கலாம். அங்குக் கப்பலின் விலையைவிட, புதிய கோள் வளரும் வரை அதனைத் தாங்கவேண்டிய செலவே தடையாக நிற்கின்றது. கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2 இல் குடியேறுவோர் கப்பல் புறப்படும் கோளின் மக்கட்தொகையிலிருந்தே கழிக்கப்படுகின்றனர். இதனால் மிகையாகக் கப்பல்களை அனுப்புபவர் தம் தாய்க்கோளின் வரி வருவாயை இழக்க நேரிடும்.

மக்கள் வாழாத புறநிலையங்கள் இன்னொரு வழியாகும். மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2 இல் வளிமப் பெருங்கோள்களிலும் சிறுகோள் பட்டைகளிலும் விலை குறைந்த புறநிலையக் கப்பல்களைக் கொண்டு நிலையங்கள் அமைக்கலாம். இவை வருவாய் தருவதில்லை. ஆனால் கப்பல்கள் செல்லக்கூடிய எல்லையை விரிவாக்குகின்றன. அதே ஆட்டத்தில், ஏற்கனவே குடியேறிய விண்மீன் தொகுதியின் வேறொரு கோளில் குடியேற மட்டும் பயன்படும் குடியேற்றத் தளம் என்பதும் உண்டு. எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2 இல் ஒவ்வொரு குடியேற்றமும் முதலில் புறநிலையமாகவே தொடங்கி, உணவும் மக்களும் வந்து சேர்ந்த பின்னரே முழுக் குடியேற்றமாகின்றது.

கோள்களின் வாழ்தகைமை

ஒரு கோளில் ஓர் இனம் எந்த அளவுக்கு வாழ இயலும் என்பதை வாழ்தகைமை குறிக்கின்றது. இதனைக் கணிக்கும் முறைகளை மூன்றாக வகுக்கலாம்.

படிநிலை முறை: மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டத்தில் கோள்கள் புவி போன்றவை, காடு, கடல், பாலை முதலிய வாழத்தக்க வகைகளாகவும், தரிசு, பனிவெளி, இறந்தவை, எரிகோள், நச்சு, கதிர்வீச்சு ஆகிய கடுஞ்சூழல் வகைகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. கடுஞ்சூழல் கோள் ஒவ்வொன்றிலும் குடியேற அதற்குரிய தொழில்நுட்பம் தேவை. பெரும்பாலும் கடுஞ்சூழல் கோள்களே கனிம வளம் மிக்கவையாக இருப்பதால், அத்தொழில்நுட்பங்களை முதலில் பெறுபவர் மற்றவர்கள் கண்டும் தொட இயலாத கோள்களைப் பெறுகின்றார். பாறையுயிரிகளான சிலிக்காய்டு இனத்துக்கு மட்டும் இத்தடை இல்லை. அதற்கு ஈடாக அவ்வினத்தின் மக்கட்தொகை மெதுவாகவே வளர்கின்றது.

அளவீட்டு முறை: ஸ்டார்ஸ்! ஆட்டத்தில் ஈர்ப்பு, வெப்பநிலை, கதிர்வீச்சு ஆகிய மூன்று அளவுகள் கோள்தோறும் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொரு இனத்துக்கும் தனக்கேற்ற எல்லைகள் உண்டு. இவற்றை ஒப்பிட்டுக் கோளின் மதிப்பு விழுக்காடாகத் தரப்படுகின்றது. மதிப்பு எதிர்மறையாயின் அங்குக் குடியேறியோர் ஆண்டுதோறும் மடிந்து குறைவர். ஓர் இனத்துக்குச் சிறந்த கோள் மற்றோர் இனத்துக்குக் கொல்களமாக அமையலாம். ஆகையால் எல்லைகள் ஒத்துப்போகாத இரு இனங்கள் ஒரே பகுதியில் மோதலின்றி வாழ இடமேற்படுகின்றது. ஸ்டெல்லாரிஸ் ஆட்டமும் இம்முறையின் ஒரு வடிவையே கொண்டுள்ளது. அதில் ஈரமானவை, வறண்டவை, குளிர்ந்தவை என மூன்று தொகுதிகளில் ஒன்பது பொதுவான கோள்வகைகள் உள்ளன. தாய்க்கோளின் வகையிலிருந்து விலக விலக வாழ்தகைமை விழுக்காடு குறைகின்றது. மக்களைப் பேணும் செலவு கூடுகின்றது.

கட்ட முறை: அசெண்டன்சி (1995), கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2 ஆகியவற்றில் கோளின் பரப்பு கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கட்டடம் எழுப்பலாம். இங்குக் கோளின் தரம் என்பது பயன்படத்தக்க கட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஸ்டெல்லாரிஸ் ஆட்டமும் தொடக்கத்தில் கட்ட முறையையே பின்பற்றியது. 2018 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பில் அது நீக்கப்பட்டு, மாவட்டங்களும் வேலைகளும் கொண்ட முறை புகுத்தப்பட்டது.

மக்கட்தொகை வளர்ச்சி

குடியேற்றத்தின் மையக் கணக்கு மக்கட்தொகையைப் பற்றியது. பல ஆட்டங்கள் உயிரியலில் பயிலப்படும் வரம்புடைய வளர்ச்சிக் கணக்கை ஒத்த விதியைப் பின்பற்றுகின்றன. இதன்படி ஒரு சுற்றில் ஏற்படும் வளர்ச்சி, தற்போதைய மக்கட்தொகையையும், கோளின் கொள்ளளவில் எஞ்சியிருக்கும் இடத்தின் பங்கையும் பொறுத்தது. மக்கள் மிகக் குறைவாக இருந்தால் பெருகுவோர் குறைவு. கோள் நிரம்பிவிட்டால் பெருக இடமில்லை. இரண்டுக்கும் நடுவில் வளர்ச்சி உச்சத்தை அடைகின்றது. வரைபடத்தில் மக்கட்தொகை, படுத்த எஸ் எழுத்தைப் போன்ற வளைகோடாகத் தோன்றும்.

எடுத்துக்காட்டாக, இரு கோள்களின் கொள்ளளவும் 100 அலகு எனவும், வளர்ச்சி வீதம் 10 விழுக்காடு எனவும் கொள்வோம். முதற்கோளில் 90 அலகு மக்கள் உள்ளனர். எஞ்சிய இடத்தின் பங்கு 0.1 ஆதலால் அச்சுற்றின் வளர்ச்சி 90 × 0.1 × 0.1 = 0.9 அலகு. புதிய கோளில் 10 அலகு மக்கள் உள்ளனர். அதன் வளர்ச்சி 10 × 0.1 × 0.9 = 0.9 அலகு. மொத்தம் 1.8 அலகு. இனி, முதற்கோளிலிருந்து 20 அலகு மக்களைப் புதிய கோளுக்கு மாற்றினால், மக்கட்தொகை 70, 30 என ஆகின்றது. அப்போது ஒவ்வொன்றின் வளர்ச்சியும் 2.1 அலகு, மொத்தம் 4.2 அலகு. ஒருவரும் புதிதாகச் சேராமலேயே பேரரசின் வளர்ச்சி இருமடங்குக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. நிரம்பிய தாய்க்கோளிலிருந்து மக்களை இடைவிடாது வெளியே அனுப்புவது தேர்ந்த ஆட்டக்காரர்களின் வழக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம் ஆகும்.

ஸ்டார்ஸ்! ஆட்டத்தில் கோளின் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டியதும் வளர்ச்சி குறையத் தொடங்குகின்றது. எனவே அதில் நல்ல கோள்களை நிரப்பாமல், அவற்றின் மக்கட்பெருக்கத்தைப் பிற கோள்களுக்கு அனுப்பும் நாற்றங்கால்களாக வைத்திருப்பர். டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் ஆட்டத்தில் ஆட்டக்காரர் ஆணையிடாமலேயே குடிமக்களின் தனியார் கப்பல்கள் இடம்பெயர்வோரை ஏற்றிச் செல்கின்றன.

செலவும் வருவாயும்

ஒரு குடியேற்றத்தின் பயன் அது எப்போது நிறுவப்பட்டது என்பதைப் பெரிதும் பொறுத்தது. 300 சுற்றுகள் நீடிக்கும் ஆட்டம் ஒன்றில், குடியேற்றம் ஒன்றை நிறுவ 200 அலகு செலவாவதாகவும், முதல் 20 சுற்றுகளில் வருவாய் ஏதுமின்றி, பின்னர் சுற்றுக்கு 5 அலகு வருவாய் கிடைப்பதாகவும் கொள்வோம். செலவு திரும்ப 20 உடன் மேலும் 40 சுற்றுகள், ஆக 60 சுற்றுகள் ஆகும்.

- 10 ஆம் சுற்றில் நிறுவினால் 270 சுற்றுகளுக்கு வருவாய் உண்டு. மொத்த வருவாய் 1,350 அலகு. செலவு போக ஆதாயம் 1,150 அலகு.
- 250 ஆம் சுற்றில் நிறுவினால் 30 சுற்றுகளுக்கே வருவாய் உண்டு. மொத்த வருவாய் 150 அலகு. செலவைக் கழித்தால் 50 அலகு இழப்பு.

மேலும், முற்பகுதியில் கிடைக்கும் வருவாய் அடுத்த குடியேற்றக் கப்பலுக்கு முதலாகின்றது. எனவே வளர்ச்சி கூட்டுவட்டியைப் போலப் பெருகுகின்றது. இவ்வகை ஆட்டங்களின் தொடக்கப் பகுதி கோள்களைப் பிடிக்கும் ஓட்டப்பந்தயமாக மாறுவதற்கும், அப்பந்தயத்தில் முந்தியவரே பெரும்பாலும் இறுதியில் வெல்வதற்கும் இக்கணக்கே அடிப்படை. ஆட்டத்தின் முதல் 50 சுற்றுகளிலேயே முடிவு தெரிந்துவிட்டால் எஞ்சிய சுற்றுகள் சுவையற்றுப் போகின்றன. வடிவமைப்பாளர்கள் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல் இதுவே ஆகும்.

விரிவாக்கத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள்

மேற்கண்ட சிக்கலைத் தீர்க்கப் பல்வேறு தடைகள் கையாளப்படுகின்றன.

- தொலைவு: மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டத்தில் கப்பல்கள் தம் பேரரசின் கோள்களிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு மேல் செல்ல இயலாது. தொடக்கத்தில் இத்தொலைவு 3 பார்செக் மட்டுமே. புதிய கோள் ஒவ்வொன்றும் எல்லையை முன்னகர்த்துவதால், வளமற்ற கோளும் இடைவழித் தங்கிடமாக மதிப்புப் பெறுகின்றது.
- காவல்: சில நல்ல கோள்களைப் பெருவிலங்குகளோ தானியங்கிக் கப்பல்களோ காக்கின்றன. மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டத்தின் பெயருக்குக் காரணமான ஓரியன் கோள் இத்தகையது. அதன் காவலனை வெல்பவர் பெரும் தொழில்நுட்பப் பரிசைப் பெறுகின்றார்.
- உணவு: மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2 இல் மக்கள் உழவர், தொழிலாளர், அறிவியலாளர் எனப் பிரிக்கப்படுகின்றனர். வேளாண்மைக்கு ஏலாத கோள்களுக்குப் பிற கோள்களிலிருந்து சரக்குக் கப்பல்கள் உணவு கொண்டுசெல்ல வேண்டும். கப்பல்கள் போதாவிடின் பஞ்சம் ஏற்படும்.
- மக்களின் நிறைவு: எண்ட்லெஸ் ஸ்பேஸ் வரிசையில் விண்மீன் தொகுதிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக மக்களின் ஒப்புதல் குறைகின்றது. இரண்டாம் பாகத்தில் இதற்கு வெளிப்படையான எண்ணிக்கை வரம்பு உண்டு.
- நிருவாகச் சுமை: ஸ்டெல்லாரிஸ் ஆட்டத்தில் பேரரசின் அளவு கூடும்போது ஆய்வுகளுக்கான செலவும் உயர்கின்றது. 2023 இல் வெளியான ஃப்ரீஓரியன் 0.5 பதிப்பில் செல்வாக்கு என்னும் வளம் சேர்க்கப்பட்டது. குடியேற்றங்களைப் பேண அது செலவாவதால், செல்வாக்கை ஈட்டாமல் பரவும் பேரரசு நிலைகுலைகின்றது.
- எண்ணிக்கை வரம்பு: ஓகேம் ஆட்டத்தில் வானியற்பியல் ஆய்வின் இரண்டு நிலைகளுக்கு ஒன்று என்னும் அளவில் புதிய குடியேற்றங்கள் இசைவளிக்கப்படுகின்றன. ஒவ்வொரு விண்மீன் தொகுதியிலும் 15 இடங்கள் உள்ளன. தெரிவு செய்யும் இடத்தைப் பொறுத்துக் கோளின் வெப்பநிலையும் அளவும் அமைகின்றன.

இத்தடைகளைக் கடுமையாக்கினால் விரிவடைவதே தண்டனையாகத் தோன்றும். தளர்த்தினால் மிகுதியான கோள்களைப் பிடிப்பதே ஒரே வழியாகிவிடும். பரந்த பேரரசும் சிறிய ஆனால் செறிந்த பேரரசும் தம்முள் போட்டியிடும் நிலையில் இரண்டையும் வைத்திருப்பது எளிதன்று. ஸ்டெல்லாரிஸ் ஆட்டத்தில் இது தொடர்பான விதிகள் வெளியீட்டுக்குப் பின்னரும் பலமுறை மாற்றப்பட்டுள்ளன.

புவியாக்கம்

வாழ ஏலாத கோளின் சூழலை மாற்றி வாழத்தக்கதாக்குவது புவியாக்கம் எனப்படும். இதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அறிபுனை எழுத்தாளர் ஜாக் வில்லியம்சன் 1942 இல் வெளியான சிறுகதை ஒன்றில் முதன்முதலில் பயன்படுத்தினார்.

ஆட்டங்களில் புவியாக்கம், இருக்கும் கோளை மேம்படுத்துவதா அல்லது புதிய கோளைத் தேடுவதா என்னும் தெரிவை முன்வைக்கின்றது. மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2 இல் தரிசுக் கோள் படிப்படியாக மேம்பட்டுப் புவியை ஒத்ததாகலாம். ஒவ்வொரு படிக்கும் செலவு கூடுகின்றது. ஸ்பேஸ்வர்ட் ஹோ! ஆட்டத்தில் வெப்பநிலையை மாற்றலாம். ஈர்ப்பை மாற்ற இயலாது. ஆகவே ஈர்ப்புப் பொருந்தாத கோள் எவ்வளவு செலவிட்டாலும் சிறந்த கோளாகாது. ஸ்டெல்லாரிஸ் ஆட்டத்தின் 2017 ஆம் ஆண்டு விரிவாக்கமான யுடோப்பியாவில் விண்வெளி வாழிடங்களும் விண்மீனைச் சுற்றி அமையும் வளைய உலகங்களும் சேர்க்கப்பட்டன. இவற்றால் கோள்கள் தீர்ந்தபின்னும் விரிவாக்கம் தொடர்கின்றது.

இதற்கு நேர்மாறான செயலும் உண்டு. சோர்ட் ஆஃப் த ஸ்டார்ஸ் (2006) ஆட்டத்தில் கோளின் வளத்தை மிகையாகச் சுரண்டி உடனடி வருவாயை உயர்த்தலாம். ஆனால் கோளின் வள இருப்பு நிலையாகக் குறைந்துவிடும்.

பிற இனத்தவர் வாழும் கோள்கள்

எல்லாக் கோள்களும் வெறுமையாக இருப்பதில்லை. ஏற்கனவே மக்கள் வாழும் கோள்களை ஆட்டங்கள் நடத்தும் முறை, அவ்வாட்டங்களின் உலகப் பார்வையைக் காட்டுவதாக அமைகின்றது.

மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டத்தில் படையெடுப்பும் குடியேற்றத்தின் ஒரு வடிவமே. அதில் தனியாகத் தரைப்படை கிடையாது. ஒரு கோளின் மக்களே போக்குவரத்துக் கப்பல்களில் ஏறிச் சென்று எதிரியின் கோளில் போரிடுகின்றனர். வென்றால் எஞ்சியோர் அக்கோளின் புதிய குடிகளாவர். தோற்ற இனத்தவர் எவரும் அங்கு எஞ்சுவதில்லை. 1996 இல் வந்த இரண்டாம் பாகத்தில் இது மாறியது. கைப்பற்றப்பட்ட மக்கள் உயிருடன் எஞ்சி, சில காலம் ஒத்துழையாதிருந்து, படிப்படியாகப் புதிய பேரரசின் குடிகளாகின்றனர். அதே ஆட்டத்தில் விண்பயணம் அறியாத பழங்குடியினர் வாழும் கோள்களும் உள்ளன. அங்குக் குடியேறினால் அவர்கள் உழவர்களாகப் பேரரசில் சேர்க்கப்படுகின்றனர். அவர்களுடைய விருப்பம் கேட்கப்படுவதில்லை.

கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2 இல் குடியேறும்போது சில கோள்களில் அறச்சிக்கல் ஒன்று எழுகின்றது. தீய வழியைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் பொருளாதார ஆதாயம் கிடைக்கும். நல்வழிக்கு விலை கொடுக்க வேண்டும். இத்தெரிவுகள் பேரரசின் அறநிலையைத் தீர்மானிக்கின்றன. ஸ்டெல்லாரிஸ் ஆட்டத்தில் விண்பயணம் அறியாத நாகரிகங்களை மறைந்திருந்து நோக்கலாம், அறிவூட்டி விண்வெளிக்கு அழைத்து வரலாம், ஊடுருவலாம், படையெடுத்தும் பிடிக்கலாம். எவை இசைவளிக்கப்படும் என்பதைப் பேரரசின் கொள்கைகள் முடிவு செய்கின்றன.

ஒரே கோளில் நிகழும் ஆட்டமான சிட் மெயர்ஸ் ஆல்ஃபா சென்டாரி (1999) இதனை வேறு வகையில் அணுகியது. அதில் குடியேறிய கோளே ஓர் உயிர்த்தொகுதி. சூழலை மிகையாக மாசுபடுத்தினால் அக்கோளின் மனப்புழுக்கள் குடியேற்றங்களைத் தாக்குகின்றன.

நுண்மேலாண்மைச் சிக்கல்

ஐந்து கோள்கள் உள்ளபோது ஆர்வமூட்டும் முடிவுகள், ஐம்பது கோள்கள் உள்ளபோது சலிப்பூட்டும் வேலையாகின்றன. மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டம் ஒரு விண்மீனுக்கு ஒரு கோள் என்னும் விதியாலும், கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், ஆய்வு ஆகிய ஐந்து நகர்த்திகளாலும் இதனைக் கட்டுப்படுத்தியது. இரண்டாம் பாகத்தில் ஒரு விண்மீனுக்குப் பல கோள்களும், ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனிக் கட்டுமான வரிசையும் வந்தன. நுணுக்கம் கூடியது, வேலையும் கூடியது.

2003 இல் வெளியான மாஸ்டர் ஆஃப் ஓரியன் 3, ஆளுநர்களிடம் கோள்களை ஒப்படைப்பதன் மூலம் இதற்குத் தீர்வு காண முயன்றது. ஆளுநர்களின் முடிவுகள் விளங்காமலும் கட்டுப்படாமலும் இருந்தன என்ற குறை பரவலாக எழுந்தது. தாமே முடிவெடுக்காத ஆட்டத்தில் தமக்கு என்ன வேலை என்னும் கேள்வியும் எழுந்தது. எண்ட்லெஸ் ஸ்பேஸ், கோளுக்குப் பதிலாக விண்மீன் தொகுதியையே மேலாண்மை அலகாக்கியது. டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ், எந்தப் பணியைத் தாமே செய்வது, எதைக் கணினியிடம் விடுவது என்பதை ஆட்டக்காரரே தெரிவு செய்ய விட்டது.

விமர்சனங்கள்

குடியேற்ற விதிகள் வரலாற்றுக் குடியேற்றவாதத்தின் பார்வையை மீண்டும் முன்வைப்பதாக ஆய்வாளர்கள் சிலர் சுட்டுகின்றனர். நிலம் வெறுமையானது, முதலில் வருபவருக்கே உரியது, அதன் மதிப்பு அது தரும் விளைச்சலே என்னும் கருத்துகள் இவ்வாட்டங்களில் விதிகளாகவே எழுதப்பட்டுள்ளன. மக்கள் அலகுகளாகவும் எண்களாகவும் மட்டும் தோன்றுகின்றனர். இடம்பெயர்க்கப்படுவோரின் துன்பம் கணக்கில் வருவதில்லை. விதிகளைக் குறை கூறாமல் பின்பற்றும் ஆட்டக்காரர், தாம் எதனைப் பின்பற்றுகின்றோம் என்பதை எண்ணாமலேயே ஆடி முடிக்க இயலும்.

மறுபுறம், இவ்வாட்டங்கள் போரின்றி வெல்லும் வழிகளையும் அளிக்கின்றன. மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டத்தில் பேரவை வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெறுபவர் வெற்றி பெறுகின்றார். எனினும் அங்கும் வாக்குகள் மக்கட்தொகையைப் பொறுத்தே வழங்கப்படுகின்றன. ஆகவே அமைதி வழியில் வெல்ல விரும்புபவரும் முதலில் பரந்து குடியேறியிருக்க வேண்டும்.

அறிவியலுடன் ஒப்பீடு

மாஸ்டர் ஆஃப் ஓரியன் வெளியான 1993 இல், சூரியனை ஒத்த வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் எதுவும் உறுதிப்படுத்தப்பட்டிருக்கவில்லை. அத்தகைய முதற்கோள் 1995 இல் அறிவிக்கப்பட்டது. 2025 அளவில் உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000 ஐத் தாண்டியது. இவற்றுள் மிகப் பலவற்றின் சூழல் புவியினின்றும் பெரிதும் வேறுபட்டது. ஒவ்வொரு விண்மீன் தொகுதியிலும் வாழத்தக்க கோள் இருப்பதாகக் கொள்வது ஆட்டத்துக்காகச் செய்யப்பட்ட எளிமையாக்கம் ஆகும்.

புவியாக்கமும் இத்தகையதே. செவ்வாயின் ஈர்ப்பு புவியினதில் சுமார் 38 விழுக்காடு. அதன் வளி அழுத்தம் புவியினதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வெள்ளியின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 460 பாகை செல்சியசு. அழுத்தம் புவியினதைப்போல் சுமார் 90 மடங்கு. வெள்ளியின் வளிமண்டலத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு மாற்றலாம் எனக் கார்ல் சேகன் 1961 இல் முன்மொழிந்தார். அங்குள்ள கடும் அழுத்தம் பின்னர் அறியப்பட்டபோது அது இயலாதெனத் தெரிந்தது. செவ்வாயில் பெறத்தக்க கார்பனீரொக்சைடு, இன்றைய தொழில்நுட்பத்தைக் கொண்டு அதனைப் புவியாக்கப் போதாது என 2018 இல் புரூஸ் ஜகோஸ்கி, கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆட்டங்களில் ஒரு சில சுற்றுகளில் முடியும் வேலைக்கு உண்மையில் வழியே இன்னும் அறியப்படவில்லை.

இவற்றையும் பார்க்க

- வியூக நிகழ்பட ஆட்டங்கள்
- 4எக்ஸ் ஆட்டங்கள்
- மாஸ்டர் ஆஃப் ஓரியன்
- ஃப்ரீஓரியன்
- புவியாக்கம்
- புறக்கோள்
- குடியேற்றவாதம்